இழுவையைக் குறைத்தவர்கள்

பலராமன் சாப்பிட உட்கார்ந்தால் முதலில் குழம்பைக் குறை சொல்வார், அடுத்து அரசாங்கத்தை, கடைசியாக மகள் வேலை பார்க்கும் கம்பெனியை. குழம்புக்கும் அரசாங்கத்துக்கும் ஆளுக்கொரு வாக்கியம் போதும். கம்பெனிக்கு மட்டும் சாப்பிட்ட கை காய்ந்துபோகும்வரை நேரம் எடுத்துக்கொள்வார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியமும் அப்படித்தான். டீலர் ஒர்க்‌ஷாப்பிலிருந்து காலையில் மறுபடியும் போன் வந்திருந்தது.

"எவளோ ஒரு பொண்ணு வாரா வாரம் போன் பண்ணிக்கினே கீது. சார், உங்க டிப்பருக்கு அப்டேட் வந்திருக்கு சார், வண்டிய எடுத்தாந்து விடுங்க சார், ஃப்ரீ சார்ன்றா. வண்டி வாங்கறப்ப ஒரு தார்ப்பாய் ஃப்ரீயா குடுக்கறதுக்கு மூக்கால அழுதானுங்க. இப்ப இன்னாத்துக்கு இந்தப் பாசம்?"

கவிப்பிரியா ரசத்தை ஊற்றிக்கொண்டாள். "இன்ஜினுக்கு நல்லதுப்பா. விட்டுட்டு ஒரு டீ குடிச்சிட்டு வந்தா முடிஞ்சிடும்."

"என் பழைய வண்டிக்கு எவன் அப்டேட் போட்டான்? நீ ஸ்கூல் போறப்ப வாங்கினது. இன்னிக்கும் ஓடுது."

"ஓடுது. அது விடற புகையில பின்னாடி வர்றவன் கண்ணு தெரியாம வரான்."

அம்மா சுந்தராம்பாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். இந்த வீட்டில் அப்பனும் மகளும் ஒருவரை ஒருவர் ஏளனம் செய்துகொள்வது தினப்படி நடப்பது. யாருக்கும் அது சண்டையாகத் தோன்றியதில்லை.

பிள்ளைப்பாக்கத்தில் தொழிற்பேட்டைக்காக நிலம் எடுத்தபோது வந்த பணத்தில் டிப்பர் வாங்கியவர் பலராமன். நிலம் போனதற்காக அவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. நெல்லைவிட ஜல்லி மேல், மழை வந்தாலும் முளைக்காது என்பார். மூன்று வண்டிகள். இரண்டு பழையவை. மூன்றாவதுதான் அவர் வாய்க்கு அன்றாடம் அகப்படும் புது டிப்பர். ஒரகடத்தில் கவிப்பிரியா வேலை பார்க்கும் கம்பெனியின் வண்டி அது. மகள் பேச்சைக் கேட்டு வாங்கியது.

எந்த வேகத்தில், எந்தச் சூட்டில், எவ்வளவு டீசல் விட வேண்டும் என்பதெல்லாம் அந்த வண்டியின் கம்ப்யூட்டருக்குள் எண்களாக இருக்கும். அந்த எண்களைத் திருத்துவதும், திருத்தியதை ஓட்டிப் பார்ப்பதும் கவிப்பிரியாவின் வேலை. இப்போது டீலர் போட்டுக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சும் அப்டேட்டில் ஒரு முக்கியமான அட்டவணை அவள் கையால் திருத்தப்பட்டது. அதை அவள் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அவர் ஒரு மாதத்துக்கு அதை வைத்தே பேசுவார்.

"கிறிஸ்துதாஸ் போட்டுக்கினான். இன்னா ஆச்சு? லோடு ஏத்திக்கினு குவாரிலேர்ந்து மேல வர முடியல. பாதி மேட்டுல நின்னுக்கினு முக்குது. புல்லிங்கே இல்ல. உங்க ஆளுங்க வண்டிக்குக் காயடிச்சிட்டானுங்க."

"டிரைவருங்க டயர் பஞ்சர் ஆனாக்கூட சாஃப்ட்வேர் மேல பழி போடுவாங்க. கியரை ஒழுங்காப் போடச் சொல்லு."

"வந்து பாரு. ஏசி ரூம்ல உக்காந்துகினு கியர் போடக் கத்துக்குடுக்காத."

அவள் போனாள். அப்பாவின் வாயை அடைக்க வேண்டும் என்பதுதான் காரணம். சனிக்கிழமை விடுமுறை. உத்திரமேரூர்ப் பக்கத்துக் குவாரியின் வாசலில் கிறிஸ்துதாஸ் டிப்பரோடு காத்திருந்தார். சேரப்பணஞ்சேரிக்காரர், அப்பாவின் கூட்டாளி, சொந்த வண்டியைத் தானே ஓட்டுபவர். கண்ணாடியில் மாதா படம், அதன் கீழே எலுமிச்சம்பழம். எந்தப் பக்கத்திலிருந்தும் காப்பு வரட்டும் என்று இரண்டையும் வைத்திருந்தார்.

"ஏறு பாப்பா. அந்தக் கம்பிய நல்லாப் புடிச்சிக்க."

பள்ளத்தில் இறங்கி ஜல்லி ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். மேலே வரும் பாதை செங்குத்து. பாறைத்தூள் கணுக்கால் உயரத்துக்குக் கிடந்தது. கிறிஸ்துதாஸ் முதல் கியரில்தான் ஏற்றினார். கவிப்பிரியா அவர் காலையும் கையையும் பார்த்துக்கொண்டே வந்தாள். எங்கேயும் தப்பில்லை. மேட்டின் பாதியில், வண்டிக்கு மூச்சு தேவைப்பட்ட இடத்தில், இன்ஜின் சத்தம் அடங்கியது. ஆக்சிலரேட்டரை அவர் தரையோடு மிதித்தும் ஒன்றும் வரவில்லை. நின்றது. பிறகு மெல்லப் பின்னால் நகர்ந்தது. கிறிஸ்துதாஸ் பிரேக்கை மிதித்துக்கொண்டு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கேலி இல்லை. அவர் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

பின்னால் ஏறிக்கொண்டிருந்த வண்டிக்காரன் ஆரனை அழுத்திக்கொண்டே இருந்தான். மேலே நின்றவர்களில் ஒருவன் கையைத் தட்டி, "கம்ப்யூட்டருக்குத் தூக்கம் வந்துடுச்சு, தாலாட்டுப் பாடு" என்றான்.

எந்த வேகத்தில் இன்ஜின் அடங்கியது என்று அவளுக்கு மீட்டரைப் பார்க்காமலே தெரிந்தது. அவள் குறைத்த எண் அந்த வேகத்தில்தான் தொடங்குகிறது. ஓட்டம் மிருதுவாக இருப்பதற்காக என்று சொல்லித்தான் அந்த வேலையைக் கொடுத்தார்கள். அவளும் கண்ணாடி போன்ற சோதனைச் சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, மிருதுவாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டிருந்தாள். சோதனைச் சாலையில் பாறைத்தூளும் கிடையாது, பின்னால் ஆரன் அடிப்பவனும் கிடையாது.

பொக்லைன் வந்து முட்டுக் கொடுத்துத்தான் அவர்கள் மேலே வந்தார்கள். இறங்கியதும் கிறிஸ்துதாஸ் அவளுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார். அவளால் அதைக் குடிக்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலையில் அவள் மேலதிகாரி கோமதிநாயகத்தின் அறைக்குப் போனாள். திருநெல்வேலிக்காரர். அரைக் கண்ணால் சிரிப்பவர். யார் எதைக் கேட்டாலும் இதுகூடத் தெரியாதா என்ற பாவனை முகத்தில் நிரந்தரமாகத் தங்கியிருக்கும்.

"சார், அந்த டார்க் லிமிட்டை, இன்ஜின் இழுவைய, எதுக்குக் கொறச்சோம்?"

"ஸ்மூத்னெஸ்."

"குவாரில வண்டி ஏறவே இல்ல சார். நான் உள்ள உக்காந்திருந்தேன்."

அவர் கணினியிலிருந்து கண்ணை எடுத்தார். கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு மதியச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறவர் போலச் சாவகாசமாகச் சொன்னார். இன்ஜினிலிருந்து வெளியே போகும் சூடான புகையில் ஒரு பங்கை ஆறவைத்து மறுபடி இன்ஜினுக்குள்ளேயே அனுப்புகிறார்கள். அதை ஆறவைக்க ஒரு கூலர் இருக்கிறது. அதற்குள் ஒரு பக்கம் புகை, மறு பக்கம் தண்ணீர். ஒரு சப்ளையர் கொடுத்த கூலர்களில் வெல்டிங் சரியில்லை. மேட்டில் இழுக்கும்போது வரும் சூட்டில் வெல்டிங் விரிசல் விடுகிறது. விரிசல் விட்டால் தண்ணீர் இன்ஜினுக்குள் போகும்.

"இழுவையக் கொறச்சா சூடு கொறையும். சூடு கொறஞ்சா வெல்டிங் தாங்கும். வாரண்டி முடியுற வரைக்கும் தாங்கினாப் போதும்மா. பெறவு அவன் பாடு."

"கூலரை மாத்திடலாமே சார்."

"எத்தன வண்டி ஓடுதுன்னு தெரியுமா ஒனக்கு? நம்பரை மாத்துறதுக்கு நீ ஒருத்தி போதும். கூலரை மாத்துறதுக்கு ஊரையே கூட்டணும்." அந்த அரைச் சிரிப்பு வந்தது. "என்ன முழிக்க? இன்ஜினக் காப்பாத்தத்தானே செஞ்சிருக்கோம்? பொய் ஒண்ணும் இல்லையே."

பொய் இல்லைதான். வண்டிக்காரனின் காலைக் கட்டிப்போட்டுவிட்டு, இனி உனக்குச் செருப்புத் தேயாது என்று சொல்வது எவ்வளவு உண்மையோ அவ்வளவு உண்மை. கவிப்பிரியா தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். சுவரில் வாடிக்கையாளர் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி என்று ஒட்டியிருந்தார்கள். இத்தனை நாள் அதன் கீழே உட்கார்ந்து டீ குடித்திருக்கிறோமே என்று தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

எரிச்சலுக்கு நடுவே இன்னொன்று உறைத்தது. அப்பா அப்டேட் போடவில்லை. அவர் வண்டி முழு இழுவையோடு தினமும் அந்த மேட்டில் ஏறிக்கொண்டிருக்கிறது.

அன்று மாலை அப்பாவின் டிரைவர் முப்பிடாதிக்குப் போன் செய்தாள். தென்காசிப் பக்கத்துக்காரர். வல்லக்கோட்டையில் பலராமன் வண்டிகளை நிறுத்தும் ஷெட்டிலேயே தங்கியிருந்தார்.

"அண்ணே, புது வண்டில தண்ணி கொறையுதா?"

"கொறையுதும்மா. ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா ஊத்துதேன். கீழ ஒழுக்கு ஒண்ணும் இல்ல. எங்க போகுதுன்னே தெரியல."

அவளுக்குத் தெரிந்தது. வீட்டுக்குப் போய், செருப்பைக் கழற்றும் முன்பே அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வெளியே சொல்லக் கூடாத விஷயம், சொன்னால் வேலைக்கு ஆபத்து, என்பதையும் சொன்னாள். பலராமன் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார். அவர் முகத்தில் பரவியது கோபமில்லை. வெகுநாளாகச் சந்தேகப்பட்டது சரிதான் என்று கண்டுபிடித்தவனின் இன்பம்.

"நான் இன்னா சொன்னேன்? காயடிச்சிட்டானுங்கன்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்ன. அதே நேரத்துல உன் கூலர் விரிசல் விட்டுடுச்சுப்பா. வண்டிய நிறுத்து. டீலர்ட்ட விடு."

மறுநாளே அவர் டீலரிடம் போனார். முன்மேசையில் இருந்தவன் கம்ப்யூட்டரில் வண்டி எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, சார் நீங்க அப்டேட்டே போடல, போடாத வண்டிக்கு வாரண்டி கிடையாது என்றான். அப்டேட்டைப் போட்டுவிட்டு வாருங்கள், பிறகு பரிசோதித்துப் பார்த்து, தேவையென்றால் கூலருக்கு எழுதிப் போடுவோம், பார்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

"அப்டேட் போட்டா குவாரி மேட்டுல வண்டி ஏறாது. ஏறாத வண்டிய வச்சிக்கினு நான் பூஜை பண்றதா?" என்று கேட்டுவிட்டுப் பலராமன் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

"நிறுத்துப்பா" என்றாள் கவிப்பிரியா.

"தண்ணி ஊத்திக்கினே ஓட்டலாம். உங்க கம்பெனிக்காரன் மாரி நானும் தாங்கற வரைக்கும்னு ஓட்டறேன்."

அவருக்கு வண்டியைவிட அந்த வாக்கியம் பிடித்திருந்தது. அடுத்த சில நாட்களில், கூலர் விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு, பார்த்தவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

டிப்பர்காரர்களின் முணுமுணுப்பு கம்பெனியின் காதுக்கும் எட்டியிருக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலையில் ஒரு ஓட்டல் அரங்கில் வாடிக்கையாளர் சந்திப்பு வைத்தார்கள். வாசலில் பன்னீர் தெளித்தார்கள். மேடையின் பின்னால் 'உங்கள் இன்ஜின், எங்கள் உயிர்' என்று பெரிய பேனர். பிரியாணி வாசனை முன்கூட்டியே உள்ளே வந்துகொண்டிருந்தது. வாயில் கறி இருக்கும்போது மனிதன் கேள்வி கேட்க மாட்டான் என்பது இந்த மாதிரிக் கூட்டங்களை நடத்துகிறவர்களின் அனுபவம்.

முந்தின நாள் கோமதிநாயகம் அவளைக் கூப்பிட்டிருந்தார். "பிள்ளைப்பாக்கம் பலராமன் உங்க அப்பாவாமே. சொல்லவே இல்ல. நீயும் மேடையில இரு. டெக்னிகலா யாராவது கேட்டா நீ சொல்லு. பவர்ல மாற்றம் எதுவும் இல்லன்னு சொன்னாப் போதும்." அரைச் சிரிப்பு. "மக சொன்னா அப்பன் கேக்காமலா போயிருவாரு?"

தெருநாயை அடக்க அதன் குட்டியைத் தூக்கிக் காட்டுகிற யோசனை. இதற்குத்தான் இவருக்கு அத்தனை பெரிய அறையா என்று நினைத்துக்கொண்டு அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். என்ன செய்யப்போகிறோம் என்பது அப்போது அவளுக்கே தெரியாது. வேலை போனால் கட்ட வேண்டிய தவணைகள், இன்னொரு கம்பெனியில் சேரும்போது இவர்கள் எழுதிக் கொடுக்கப்போகும் சான்று, எல்லாம் இரவு முழுக்க அவள் தலைக்குள் புரண்டுகொண்டிருந்தன.

மேடையில் வாடிக்கையாளர் சேவைத் தலைவர் கோதண்டராமன் பேசினார். கோட்டுப் போட்டுக்கொண்டு வியர்க்காமல் இருப்பது எப்படி என்று தெரிந்த மனிதர். புது அப்டேட் இன்ஜினின் ஆயுளை நீட்டிக்கிறது என்றார். திரையில் ஒரு பச்சைக் கோடு மேலே போனது. அது எதன் கோடு என்று எழுதியிருக்கவில்லை. தாயும் குழந்தையும் போல உங்களுக்கும் எங்களுக்கும் இருக்கும் உறவு என்று அவர் தொடங்கிய இடத்தில் பலராமன் எழுந்து நின்றார்.

"சார், ஒரே ஒரு கேள்வி. அப்டேட் போட்டா இழுவ கொறையுதா, இல்லியா?"

"நல்ல கேள்வி. இதை நாம ஒட்டுமொத்தமாப் பார்க்கணும் சார். மைலேஜ், டிரைவர் கம்ஃபர்ட்…"

"கொறையுதா, இல்லியா?"

"எங்க இன்ஜினியர் மேடம் இங்கேயே இருக்காங்க. டெஸ்ட் பண்ணினதே அவங்கதான். அவங்க விளக்குவாங்க."

மைக் அவள் கைக்கு வந்தது. பலராமன் அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தார். வீட்டில் சாப்பிடும்போது எதிரே உட்காருகிற பெண், கழுத்தில் கம்பெனி அட்டையோடு மேடைமேல். ஒரு கணம் அவர் உட்கார்ந்துவிடுவார் என்று தோன்றியது. கோமதிநாயகம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

பலராமன் உட்காரவில்லை. "நீங்க சொல்லுங்க மேடம்" என்றார்.

அதில் ஏளனம் இருந்ததா இல்லையா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவளுடைய இந்த இருபத்தேழு வயதுக்குள் அவர் அவளை ஒரு நாளும் நீங்க என்று சொன்னதில்லை.

"கொறையுது" என்றாள். "நான்தான் கொறச்சேன்."

அரங்கில் நாற்காலி இழுபடும் சத்தம். கோதண்டராமன் மைக்குக்காகக் கையை நீட்டினார். அவள் ஓர் அடி தள்ளி நின்றுகொண்டாள்.

"ஏன் கொறச்சோம்னா, சில வண்டிங்கள்ல புகையை ஆத்தற கூலர் வெல்டிங் சரியில்ல. மேட்டுல இழுத்தா விரிசல் விடும். தண்ணி இன்ஜினுக்குள்ள போயிடும். அப்டேட் போட்டா இழுக்காது, ஆனா இன்ஜின் கொஞ்ச நாள் தாங்கும். போடலன்னா நல்லா இழுக்கும், இன்ஜின் போயிடும். ரெண்டும் வைத்தியம் இல்ல. கூலரை மாத்தணும். மாத்திட்டா கொறச்சதத் திரும்பக் குடுத்துடலாம், அது எனக்கு அரை நாள் வேலை. தண்ணி கொறையற வண்டி யாராவது வச்சிருந்தா இன்னியிலேர்ந்து ஓட்டாதீங்க." கடைசி வாக்கியத்தை அவள் ஒருவரைப் பார்த்துத்தான் சொன்னாள்.

பிறகு மைக்கைக் கோதண்டராமனிடம் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டு, பிரியாணி தயாராக இருக்கிறது என்றார். யாரும் எழுந்து போகவில்லை. கிறிஸ்துதாஸ் முன்னால் வந்து, "அப்ப நான் அந்த மேட்டுல பின்னால உருண்டு செத்திருந்தா நீங்க மாலை போட வந்திருப்பீங்களா சார்?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். பத்துப் பன்னிரண்டு போன்கள் அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தன.

அந்தப் படங்கள்தான் அவள் வேலையைக் காப்பாற்றின. அன்று மாலைக்குள் லாரிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அவள் குரல் கிருஷ்ணகிரிவரை போயிருந்தது. அவளை நீக்கினால் அதுவும் அதே வழியாகப் போகும் என்பது கம்பெனிக்குத் தெரிந்திருந்தது. மனிதவளப் பிரிவில் இரண்டு பேர் அவளை உட்காரவைத்து, உங்கள் உணர்வை மதிக்கிறோம் என்பதையே நான்கு விதமாகச் சொன்னார்கள். அடுத்த வாரம் வாடிக்கையாளர் நலனுக்கான சிறப்புத் திட்டம் என்று அறிவிப்பு வந்தது. கூலரை இலவசமாக மாற்றிக் கொடுப்பார்களாம், இழுவையைத் திரும்பத் தரும் புது அப்டேட்டும் உண்டாம். வெகுநாளாகத் திட்டமிட்டது என்று எழுதி, கோதண்டராமனின் படத்தையும் போட்டிருந்தார்கள். வெளிப்படையாகப் பேசியதற்காகக் கவிப்பிரியாவுக்குக் கண்ணாடியில் செய்த ஒரு கேடயம் கொடுத்தார்கள். கொடுத்தவரும் கோதண்டராமன்தான். கை குலுக்கும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் கேமராவைப் பார்த்தார்.

ஆனால் பார்ட் ஒரேயடியாக வரவில்லை. அப்டேட் போட்ட வண்டிகளுக்கு முதல் முறை, போடாதவை கடைசியில் என்று டீலர் வரிசை வைத்தான்.

"அதுவரைக்கும் நிறுத்தி வை" என்றாள் கவிப்பிரியா. கெஞ்சியும் சொன்னாள், கத்தியும் சொன்னாள்.

கூட்டத்துக்குப் பிறகு பலராமன் தரையில் நடக்கவில்லை. டீக்கடையில் அவருக்கு இடம் விட்டார்கள். கம்பெனியை மண்டியிட வைத்தவர் வண்டியைப் போர்வை போட்டு மூடிவைத்தால் நன்றாகவா இருக்கும்? "இத்தினி நாள் ஓடல? நம்ம முற வர்ற வரைக்கும் ஓடும். இன்ஜினப் பத்தி எனக்கும் கொஞ்சம் தெரியும்" என்றார்.

முறை வருவதற்குள் ஒரு காலையில் முப்பிடாதி ஷெட்டில் சாவியைத் திருப்பினார். உள்ளே டக்கென்று ஒரே ஒரு சத்தம், இரும்பால் இரும்பை அடித்தது போல. அதற்குப் பிறகு சாவியை எத்தனை முறை திருப்பியும் அசைவில்லை. நின்றிருந்த வண்டியில் தண்ணீர் கசிந்து சிலிண்டருக்குள் தேங்கியிருந்தது. தண்ணீரை அமுக்க முடியாமல் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிட்டது.

கவிப்பிரியா ஆபீசுக்குப் போகாமல் நேரே ஷெட்டுக்கு வந்தாள். மெக்கானிக் பிரித்து, வளைந்த தண்டை வெளியே எடுத்துச் சாக்கின் மேல் வைத்திருந்தான். பலராமன் ஒரு டயரின் மேல் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்து வண்டி. லைனர், பிஸ்டன், சிலிண்டரின் தலை என்று இன்ஜினின் உள்ளே எல்லாம் மாற்ற வேண்டும். அப்டேட் போடாத வண்டி என்பதால் டீலர் ஒரு போல்ட்டுக்குக்கூடப் பொறுப்பேற்க மாட்டான்.

அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது. வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். கிட்டே வந்தபோது அவர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருப்பது கண்ணில் பட்டது. ஒத்திகை பார்த்ததில் பாதியை விழுங்கினாள்.

"ரெண்டு பேருமாச் சேர்ந்து கொன்னுட்டீங்க" என்றாள். "பாதி அவங்க, பாதி நீ."

முப்பிடாதி தலையைத் திருப்பிக்கொண்டார். பலராமன் வளைந்த தண்டைக் காலால் லேசாக நகர்த்தினார்.

"அவன் திருடன். நான் முட்டாள்" என்றார். "திருடனுக்கு மாசம் பொறந்தா சம்பளம் வருது, பாத்தியா?"

சிரிக்கக் கூடாது என்று அவள் பல்லைக் கடித்தாள். முடியவில்லை. அவரும் சிரித்தார், சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. பிறகு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு வெகுநேரம் துண்டை எடுக்கவில்லை. மெக்கானிக் ஸ்பானரைத் தேடுகிற பாவனையில் வெளியே போனான்.

வண்டி மறுபடி எழுந்து ஓட இரண்டு மாதம் ஆனது. பழைய வண்டிகளில் ஒன்றை விற்று அந்த வேலையைச் செய்தார். சேரப்பணஞ்சேரியிலும் பிள்ளைப்பாக்கத்திலும் யாராவது அப்டேட் போடலாமா வேண்டாமா என்று கேட்டால், "எங்கிட்ட கேக்காத. கவிகிட்ட கேளு. அவ சொன்னத நான் கேக்கல, என் இன்ஜினு சாக்கு மேல கெடந்துச்சு" என்று அதையும் ஒரு ஏளனமாகவே சொன்னார். இந்த முறை ஏளனம் அவர் மேல்.

ஆபீசில் அவளுக்கு வெகுநாள் யாரும் வேலை கொடுக்கவில்லை. தினமும் போய் உட்கார்ந்து, கண்ணாடிக் கேடயத்தின் மேல் பேனாக்களைச் சாய்த்து வைத்துவிட்டு, பழைய அறிக்கைகளைப் படித்துக்கொண்டிருந்தாள். தானே போய்விடட்டும் என்பதுதான் அதன் அர்த்தம். அவள் போகவில்லை. நீங்கள் வெட்கப்படாமல் இருக்கிற இடத்தில் நான் மட்டும் ஏன் வெட்கப்பட்டு ஓட வேண்டும் என்று இருந்தாள்.

மார்ச் மாதத்தில் வேலை குவிந்தது. கோமதிநாயகம் ஒரு நாள் மதியம் அவளிடம் வந்து, மேசையின் ஓரத்தில் விரலால் தட்டினார்.

"புது அட்டவணை ஒண்ணு வந்திருக்கு. பஸ் இன்ஜின். டெஸ்ட் பண்ணி வெள்ளிக்கெழமைக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுத்துரு."

"எதுக்காக மாத்தறோம் சார்?"

"அதெல்லாம் ஒனக்கு எதுக்கு? டெஸ்ட் பண்ணு."

"அப்ப நீங்களே ஓட்டிப் பாத்து நீங்களே கையெழுத்துப் போட்டுக்கங்க சார்."

சுற்றியிருந்த மேசைகளில் விசைப்பலகைச் சத்தம் நின்றது. அவர் அவளைப் பார்த்தார். அரைச் சிரிப்பு வர முயன்று பாதியிலேயே திரும்பிப் போனது. சொல்லலாமா, கத்தலாமா, வேறு யாரிடமாவது கொடுக்கலாமா என்று அவர் கணக்குப் போடுவது முகத்தில் அப்படியே தெரிந்தது. வேறு யாரிடம் கொடுப்பது என்று பக்கத்து மேசைகளைப் பார்த்தார். அங்கே இருந்தவர்களும் அவர் என்ன பதில் சொல்லப்போகிறார் என்றுதான் காத்திருந்தார்கள்.

காலியாக இருந்த ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இந்த வால்வு இருக்குல்லா" என்று தொடங்கினார், கடுகடுப்பாக.

கவிப்பிரியா பேனாவை எடுத்துக்கொண்டாள்.